பொஹீமியன் ராப்சடி: மூன்று குரல் கூட்டமானதும் ஒரு முகம் பலவானதும்

கேள்வி இது: குயின் ராக் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டின் நடுவில் பெரிய பாடகர் கூட்டமே பாடுவது போல் கேட்கிறது. வீடியோவில் ஒரே முகம் வரிசை வரிசையாகப் பின்னால் போய் மறைகிறது. கணினி இல்லாத 1975இல் இதை எப்படிச் செய்தார்கள்? வீட்டில் இருக்கும் சாதனங்களை வைத்து இன்று அதே மாதிரி பாடி, எடுக்க முடியுமா?

முடியும். குரலுக்கும் முகத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: நகலை மறுபடி நகலெடுப்பது. நகலெடுக்க எடுக்கத் தரம் குறையும். ஒலிப்பதிவில் அந்தக் குறையை எதிர்த்து வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள், வீடியோவில் அதே குறையையே அலங்காரமாக்கினார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற நுட்பங்கள் எளிதாகப் புரியும்.

முதலில் பாட்டு. மொத்த நீளம் 5 நிமிடம் 55 விநாடி. தொடக்கத்தில் முக்கால் நிமிடம் சேர்ந்திசை, பிறகு பியானோவோடு மெதுவான பகுதி, 2:37 வாக்கில் பிரையன் மேயின் கிடார், 3:05 முதல் 4:07 வரை ஓபரா (மேற்கத்திய இசை நாடகப் பாணி), அதன்பின் முக்கால் நிமிடம் அதிரடியான ராக், கடைசி ஒரு நிமிடம் மறுபடி அமைதி. எல்லோரும் கேட்பது அந்த ஒரு நிமிட ஓபராவைப் பற்றித்தான்.

1975 ஆகஸ்ட் 24 அன்று வேல்ஸில் மான்மத் ஊருக்கு அருகே உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ராய் தாமஸ் பேக்கர். அடித்தளமாக முதலில் பதிவானவை முதன்மைப் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் பியானோ, ஜான் டீக்கனின் பேஸ் கிடார், ராஜர் டெய்லரின் டிரம்ஸ். ஓபராவுக்கு முதலில் விட்டிருந்த இடம் சிறியது. பாட்டில் வரும் 'கலிலியோ' என்ற சொல்லை மெர்க்குரி மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனதில் அது நீண்டது. ராக்ஃபீல்டைத் தவிர லண்டனில் ரவுண்ட்ஹவுஸ், சார்ம், ஸ்கார்பியோ, வெசெக்ஸ் என்று இன்னும் நான்கு ஸ்டுடியோக்களில் வேலை நடந்தது.

கையில் இருந்தது 2 அங்குல அகலக் காந்த டேப். அதில் 24 தடங்கள், அதாவது தனித்தனியாகப் பதிந்து ஒன்றாக ஒலிக்கவிடும் வரிசைகள். பியானோ, பேஸ், டிரம்ஸ், கிடார், முதன்மைக் குரல் எல்லாம் போக மீதி இருக்கும் தடங்களுக்குள் ஒரு கூட்டத்தையே அடைக்க வேண்டும். அதற்கான வழி 'பவுன்ஸ்'. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர் மைக் முன் நின்று ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடுகிறார்கள். அதையே இன்னும் இரண்டு முறை வேறு தடங்களில் பாடுகிறார்கள். மூன்று தடங்களில் ஒன்பது குரல்கள். இதே போல் மேல் சுரம், கீழ்ச் சுரம். ஆக ஒன்பது தடங்களில் 27 குரல்கள். இவற்றை அளவு பார்த்துக் கலந்து ஒன்றோ இரண்டோ காலித் தடத்துக்கு மாற்றிப் பதிந்தால் மற்றவற்றை அழித்துவிட்டு அடுத்த அடுக்கைத் தொடங்கலாம். சில இடங்களில் இப்படி 180 அடுக்குகள் வரை போனது. மே, மெர்க்குரி, டெய்லர் மூவரும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடினார்கள். பதிவு முடிய மூன்று வாரம் ஆனது.

பவுன்ஸில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, கலந்தது கலந்ததுதான். மேல் குரல் கொஞ்சம் தூக்கல் என்று நாலாவது நகலில் தெரிந்தால், பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. திரும்பப் பாட வேண்டும். இரண்டு, இரைச்சல். டேப்புக்கே உரிய 'ஸ்ஸ்' ஒலி ஒவ்வொரு நகலிலும் புதிதாக ஒரு பங்கு சேரும். கடைசியில் அவர்கள் பயன்படுத்தியது எட்டாவது தலைமுறை நகல் (நகலின் நகல் என்று போய் எட்டாவது படி). எட்டு சம பங்கு இரைச்சல் சேர்ந்தால் முதல் பதிவைவிட 9 டெசிபெல் கூடும். மேல்ஸ்தாயியின் கூர்மையும் நகலுக்கு நகல் மழுங்கும். போதாததற்கு, ஒரே டேப் பதிவுத் தலையின் மேல் மறுபடி மறுபடி ஓடியதில் காந்தப் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டதாக மே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹெட்போனில் ஓபரா பகுதியைக் கூர்ந்து கேட்டால் கூட்டக் குரல்களின் விளிம்பு லேசாகக் கரகரப்பாக இருப்பது தெரியும். எனக்கு அந்தக் கரகரப்பு இல்லாத சுத்தமான மறுபாடல்கள் எதுவும் அந்த அளவுக்கு ஈர்ப்பாக இல்லை.

யார் பாடியது என்பதிலும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீடியோவின் தொடக்கத்தில் இருட்டில் நான்கு முகங்களும் வாயசைக்கின்றன. ஒலியில் அந்தத் தொடக்கச் சேர்ந்திசை முழுவதும் மெர்க்குரி ஒருவர் குரல்தான், பல தடங்களில். ஓபரா பகுதி மூவருடையது: மெர்க்குரி நடுவில், மே கீழே, டெய்லர் உச்சியில். காதைத் துளைக்கும் அந்த மிக உயர்ந்த சுரம் டிரம்ஸ் வாசிக்கும் டெய்லருடையது. டீக்கன் இந்தப் பாட்டில் பாடவே இல்லை. வீடியோவில் வாயசைத்தது மட்டும்தான்.

இப்போது வீடியோ. ஏன் எடுத்தார்கள் என்பதற்குக் காரணம் மிக நடைமுறையானது. பாட்டு சிங்கிளாக (தனிப் பாட்டு இசைத்தட்டாக) 1975 அக்டோபர் 31இல் வெளியானது. லண்டன் கேபிடல் வானொலியில் அறிவிப்பாளர் கென்னி எவரெட் இரண்டு நாளில் 14 முறை ஒலிபரப்பி ஆவலைக் கிளப்பியிருந்தார். அடுத்த படி பிபிசி தொலைக்காட்சியின் இசை நிகழ்ச்சியான 'டாப் ஆஃப் த பாப்ஸ்'. ஆனால் நவம்பர் நடுவில் குழுவின் பிரிட்டன் சுற்றுப்பயணம் தொடங்குகிறது. ஊரில் இருந்தாலும் சிக்கல்தான்: நாலு பேர் மேடையில் நின்று அத்தனை அடுக்குக் குரலுக்கு வாயசைத்தால் எடுபடாது. பிற்காலக் கச்சேரிகளிலும் ஓபரா பகுதி வந்தால் டேப்பை ஓடவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். ஆகவே பயண ஒத்திகை நடந்துகொண்டிருந்த எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவிலேயே நவம்பர் 10 அன்று, இயக்குநர் புரூஸ் கவர்ஸ் சுமார் நாலு மணி நேரத்தில் எடுத்து முடித்தார். செலவு ஏறக்குறைய 4,500 பவுண்ட். நவம்பர் 20 அன்று ஒளிபரப்பானது. மாத இறுதியில் பாட்டு பிரிட்டனில் முதலிடம். ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. இது உலகின் முதல் இசை வீடியோ என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பீட்டில்ஸ் 1966லேயே இப்படி விளம்பரப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். சிங்கிள் வெளியிட்டால் கூடவே ஒரு வீடியோ என்ற வழக்கம் வேரூன்ற இது பெரிய காரணம், அவ்வளவுதான்.

படச்சுருளில் எடுக்காமல் வீடியோ டேப்பில் எடுத்தார்கள் என்பது முக்கியம். படச்சுருளில் எடுத்தால் கழுவிய பிறகுதான் விளைவு தெரியும். வீடியோவில் அந்த நொடியே மானிட்டரில் தெரிகிறது. காட்சி வித்தைகள் எல்லாவற்றையும் படப்பிடிப்பிலேயே முடித்தார்கள், எடிட்டிங்குக்கு விடவில்லை. வித்தைகள் மொத்தம் மூன்று.

முதலாவது ஒளி. இருட்டில் வைர வடிவில் நாலு முகங்கள், தலைக்கு மேலிருந்து விழும் ஒற்றை வெளிச்சம். 1974இல் வந்த 'குயின் II' ஆல்பத்தின் அட்டைக்காகப் புகைப்படக் கலைஞர் மிக் ராக் எடுத்த புகைப்படத்தின் அசையும் வடிவம் இது. அந்தப் படத்துக்குத் தூண்டுதல், 1932இன் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் நடிகை மார்லீன் டீட்ரிச்சின் நிழல் விழுந்த முகம்.

இரண்டாவது, ஓபரா பகுதியில் முகம் தேன்கூடு போல் பலவாகப் பிரிவது. இது பட்டை தீட்டிய கண்ணாடியின் வேலை. ஒவ்வொரு பட்டையும் ஒளியை ஒரு பக்கம் வளைத்து, அதே முகத்தைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுகிறது.

மூன்றாவதுதான் எல்லோர் நினைவிலும் நிற்பது. 'மேக்னிஃபிகோ' என்ற சொல் எதிரொலிக்கும்போது மெர்க்குரியின் முகம் வரிசையாக விலகிப் போகும். கேமராவை அதன் படம் தெரியும் மானிட்டரை நோக்கியே திருப்பியதில் வந்தது அது. சலூனில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளில் தெரிகிற அதே முடிவில்லாத வரிசைதான், இங்கே கண்ணாடிக்குப் பதில் மின்சுற்று. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் ஊளையிடுமே, அதன் காட்சி வடிவம். பிபிசி 1963லேயே 'டாக்டர் ஹூ' தொடரின் தொடக்கக் காட்சிக்கு இந்த உத்தியைப் பயன்படுத்தியது. கவர்ஸ் குழுவின் கெட்டிக்காரத்தனம், அதைக் குரலின் எதிரொலியோடு ஒரே புள்ளியில் சேர்த்ததில் இருக்கிறது. காது கேட்கும் நகலைக் கண்ணும் பார்க்கிறது.

இனி வீட்டில் செய்வது. குரலிலிருந்து தொடங்குங்கள், வீடியோவில் வாயசைக்க முடிந்த ஒலி கையில் வேண்டும்.

இன்று கணினியில் தடங்களுக்குப் பஞ்சமில்லை, நகலெடுத்தால் தரமும் குறையாது. ஆனால் வேறு விதமாகச் சறுக்குவீர்கள். பொதுவான தவறு, நன்றாக வந்த ஒரு பதிவை நாலு முறை காப்பி செய்து அடுக்குவது. அப்படிச் செய்தால் சத்தம் கூடுமே தவிர கூட்டம் வராது. ஒவ்வொரு முறை பாடும்போதும் சுருதியிலும் நேரத்திலும் வரும் மிகச் சிறிய வித்தியாசம்தான் காதுக்குக் 'கூட்டம்' என்று படுகிறது. அதனால் ஒவ்வொரு அடுக்கையும் புதிதாகப் பாடித்தான் ஆக வேண்டும். இதே காரணத்தால், எல்லாத் தடத்தையும் ஆட்டோடியூனில் (சுருதியைத் திருத்தும் மென்பொருளில்) போட்டு நேராக்கிவிடாதீர்கள். ஒரே கோட்டில் நிற்கும் குரல்கள் ஒன்றோடொன்று மோதிக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும். பிசிறடிக்கும் சுரத்தை மட்டும் திருத்துங்கள்.

பாட மூன்று பேர் இருந்தால், குரல்களைப் பிரித்துக் கொடுக்காமல், மூன்று வரிகளையும் (மேல், நடு, கீழ்ச் சுரங்கள்) மூவரும் தனித்தனியே பாடுங்கள். மூன்று விதமான குரல்கள் ஒரே சுரத்தில் கலக்கும்போதுதான் குயினின் அந்தத் தடித்த நிறம் வரும். வரிக்கு மூன்று பதிவுகள் போதும். முதல் பதிவில் மைக்கிலிருந்து 20 செ.மீ., அடுத்ததில் 60 செ.மீ., மூன்றாவதில் ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். தூரம் மாறினால் ஆழம் தானாக வரும், பிறகு ரிவெர்ப் (செயற்கை அறை எதிரொலி) கொட்ட வேண்டியதில்லை.

மெய்யெழுத்துகள்தான் பெரிய தலைவலி. சொல் முடிவில் வரும் 'ட்', 'ஸ்' ஒலிகளை 27 குரல்களும் ஆளுக்கொரு நேரத்தில் உச்சரித்தால் ஆலங்கட்டி விழுவது போல் கேட்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பதிவு மட்டும் அந்த எழுத்தைத் தெளிவாகச் சொல்லட்டும். மற்றவை உயிரொலியோடு நின்றுவிட வேண்டும்.

இரைச்சலும் சேரும். 27 தடங்களை ஒன்றாக ஓட்டினால் அறையின் பின்னணிச் சத்தம் ஏறக்குறைய 14 டெசிபெல் உயரும். ஒரு தடத்தில் காதுக்கே எட்டாத மின்விசிறிச் சத்தம் மொத்தத்தில் காற்றடிப்பது போல் வரும். விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள், பாடாத இடங்களை வெட்டிவிடுங்கள், ஒவ்வொரு தடத்திலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுங்கள். சத்தமும் அதே கணக்கில் கூடும் என்பதால், பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முழுவதற்கும் ஒரே வேகத்தில் கிளிக் (தாளம் காட்டும் 'டிக் டிக்' ஒலி) போடாதீர்கள். பகுதிக்குப் பகுதி வேகம் மாறும் பாட்டு இது, பகுதிக்குள்ளேயும் இழுத்து விடும் இடங்கள் உண்டு. முதலில் பியானோவை மட்டும் இயல்பாக வாசித்துப் பதிந்து, அதற்கேற்ப மென்பொருளில் வேக வரைபடம் தயாரித்து, அதன் மேல் பாடுங்கள்.

இப்போது ஒளி. கறுப்புத் துணி பின்னணி, கறுப்புச் சட்டை, மேலே ஒரே விளக்கு. சரியாக உச்சந்தலைக்கு மேல் வைத்தால் கண்கள் இரண்டும் கரிய குழியாகிவிடும். விளக்கை 15 முதல் 20 டிகிரி முன்னால் நகர்த்தி, பாடுபவர் முகத்தைச் சற்று மேலே தூக்கினால் கன்ன எலும்பின் நிழலும் நிற்கும், கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். துணியைப் பின்னால் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். அருகில் இருந்தால் வெளிச்சம் பட்டுச் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் பின்னணி அடுத்த இரண்டு வித்தைகளையும் கெடுக்கும்.

முகம் பலவாக, லென்ஸில் மாட்டும் பட்டைக் கண்ணாடி ஃபில்டர்கள் கடையில் கிடைக்கின்றன. தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு: சாதாரணக் கண்ணாடியில் 10 டிகிரி சரிவுள்ள பட்டை ஒளியைச் சுமார் 5 டிகிரி வளைக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் அது 17 செ.மீ. இடப்பெயர்ச்சி. ஒரு முகத்தின் அகலம் சுமார் 15 செ.மீ. என்பதால் முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். ஒரு மீட்டருக்கு வந்தால் பாதிப் பாதி ஒன்றின் மேல் ஒன்று ஏறும், மூன்று மீட்டருக்குப் போனால் நடுவில் கறுப்பு இடைவெளி விழும். ஆகவே ஃபில்டரை மாற்றுவதற்கு முன் ஆளை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். லென்ஸ் 50 முதல் 85 மி.மீ., அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 2.8 அளவில் திறந்திருக்கட்டும். எஃப் 11க்கு மூடினால் பட்டைகளின் விளிம்புகள் கோடு கோடாகத் தெரியும். ஆட்டோஃபோக்கஸை அணைத்துவிடுங்கள், எந்த முகத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் அலையும். மேல் விளக்கு நேராகக் கண்ணாடியில் பட்டால் படம் வெளுக்கும். லென்ஸுக்கு மேல் ஒரு கறுப்பு அட்டையை மறைப்பாகக் கட்டினால் போதும்.

கடைசியாக முகம் விலகிப் போவது. இதற்கு இரண்டு கேமராக்கள், ஒரு மானிட்டர், இரண்டு படங்களைக் கலக்க ஒரு மிக்ஸர் அல்லது ஓபிஎஸ் (OBS, வீடியோக்களைக் கலந்து பதியும் மென்பொருள்) ஓடும் கணினி வேண்டும். முதல் கேமரா பாடுபவரைப் பார்க்கிறது. இரண்டாவது மானிட்டரைப் பார்க்கிறது. இரண்டின் கலவை மானிட்டருக்கே திரும்பப் போகிறது. இரண்டாவது கேமராவின் சட்டத்தில் (பிரேமில்) மானிட்டர் முழுதாக அடங்காமல் போனால் நகல்கள் பெரிதாகிச் சிதறும். திரை சட்டத்தில் 92 சதவீதம் தெரியும்படி வைத்தால் ஒவ்வொரு நகலும் அந்த அளவுக்குச் சுருங்கி, எட்டாவது நகல் பாதி அளவில் வரும். கேமராவை நேராக நடுவில் வைத்தால் நகல்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புங்கள், வரிசை சாய்வாக நீளும்.

மாட்டிக்கொள்ளும் இடம் வெளிச்சத்தின் அளவு. சுற்றி வரும் படம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது மங்க வேண்டும். 85 சதவீதம் என்றால் எட்டாவது நகல் கால்வாசி வெளிச்சத்தில் அழகாகத் தேயும். நூறைத் தாண்டினால் சில நொடிகளில் திரை முழுதும் வெள்ளையாகிவிடும். ஐம்பதுக்குப் போனால் மூன்று நகலோடு நின்றுவிடும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமநிலை) இரண்டையும் கையால் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா தானே சரிசெய்ய முயன்று படம் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். கறுப்புப் பின்னணியின் அருமை இங்கேதான் தெரியும்: கறுப்பு எத்தனை முறை சுற்றினாலும் கறுப்பு, முகம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். மானிட்டரை 50 ஹெர்ட்ஸில் வைத்து, கேமராவை 25 பிரேம், 1/50 ஷட்டரில் வையுங்கள், உருளும் பட்டைகள் குறையும். திரையின் புள்ளிகள் அலை அலையாகத் தெரிந்தால் இரண்டாவது கேமராவின் ஃபோக்கஸை ஒரு நூலளவு தளர்த்துங்கள்.

ஒரே கேமராதான் இருக்கிறதென்றால் ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே சுற்றை உண்டாக்கலாம். கலவைப் படத்தைத் தனியாகக் காட்டும் புரொஜெக்டர் ஜன்னலைத் திறந்து, அந்த ஜன்னலையே 'விண்டோ கேப்சர்' மூலம் அடியில் ஒரு அடுக்காக வைத்து, 92 சதவீதமாகச் சுருக்கிச் சற்று நகர்த்தி, ஒபாசிட்டியை (படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை) 85ஆகக் குறையுங்கள். அதன் மேல் கேமராப் படத்தை வைத்து, வெளிச்சத்தை வைத்துப் பிரிக்கும் லூமா கீ ஃபில்டரால் கறுப்பை நீக்குங்கள். வரும் படம் மானிட்டர் வழியாக எடுத்ததைவிடக் கறாராக இருக்கும். நகலுக்கு நகல் வண்ணம் பிசகி ஒளி வழிவது இதில் வராது. முடிந்தால் உண்மையான திரையை வைத்தே எடுங்கள் என்பேன்.

டிஜிட்டல் கேமராவும் டிவியும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 100 மில்லிவிநாடிக்கு மேல் தாமதிக்கலாம். டிவியில் 'கேம் மோட்' போட்டால் குறையும். தாமதம் இருக்கும்போது தலையை ஆட்டினால் நகல்கள் பாம்பு போல் நெளியும், 'மேக்னிஃபிகோ'வுக்கு அது பொருந்தாது. அந்த ஒரு சொல்லின்போது பாடுபவர் தலையை அசைக்காமல் வாயை மட்டும் அசைக்கட்டும். எடிட்டிங்கில் ஒலியை முதல் கேமராவின் உதட்டசைவோடு பொருத்துங்கள். கலவைப் படத்தில் பெரிதாக, பிரகாசமாக முன்னால் நிற்கும் முகமே அது. பின்னால் வரும் முகங்கள் பிந்தித்தான் வாய் திறக்கும், அவற்றைச் சரிசெய்ய முனைய வேண்டாம்.